படம் மட்டும்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாலையைப் பார்ப்பதே இல்லை. ஸ்டியரிங்கைப் பார்ப்பார்கள், கியரைப் பார்ப்பார்கள், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சாலையைப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று காலை ஒரு வங்கி அதிகாரிக்கு வகுப்பு. மனிதர் முதல் கியரிலேயே ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தார். கடைவீதி ஏற்றத்தில் மற்ற வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பெண்கள் துணிக்கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன்னால் என் மாமனார் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே தலையில்லாத பொம்மை ஒன்று பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு நின்றது. எழுபதைத் தாண்டிய மனிதர் அதில் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் நகர்ந்து நாலு கடை தள்ளிப் போனார். அங்கே சாவி செய்கிற கடையின் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். பலகையில் மொத்தமே இரண்டு வார்த்தை. அதைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு யுகம் ஆனது. அவருடைய இடது கை சட்டைப் பித்தான்களுக்கு நடுவில் நெஞ்சை அழுத்திப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கற்றுக்கொடுக்கிறவருக்கென்று என் பக்கமும் இருக்கிற பிரேக்கை மிதித்தேன். வங்கி அதிகாரி தான்தான் என்னவோ செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

என் மாமனாரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர், அவ்வளவுதான். ஒரு பழைய டாக்டரிடம் பல காலம் மருந்து கலந்து கொடுத்தவர். டாக்டர் காலமாகி, அந்தக் கிளினிக் செல்போன் கடையான பிறகும் பட்டம் மட்டும் இவரோடு தங்கிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சலா, கிழவருக்கு மூச்சிரைப்பா, முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இவர் நாக்கை நீட்டச் சொல்லுவார், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், அலமாரியைத் திறந்து ஏதாவது எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் குணமாகிவிடும். அதுவே பிற்பாடு எங்கள் குடும்பத்துக்கு வினையாக முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த என் கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் நாற்பதைத் தொட்டிருந்தார். இவர் வந்து மகனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "வாய்வுடா. தின்னுட்டு உடனே படுத்தா இப்படித்தான். சுடுதண்ணி குடி, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்று சொல்லி, ரோஸ் நிற மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய் செய்தித்தாளை விரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். "கம்பவுண்டர் வீட்டுல இருந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் சிரிக்கும்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கிறது என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் விரல்களை என்னால் பிரிக்க முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் மாமனார் ஓடி வந்தபோது அந்த விரல்கள் தாமாகவே பிரிந்துவிட்டிருந்தன.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நொடியில போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது." அன்று சொன்னார், அடுத்த வருஷம் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னார். வாய்வு என்று சொன்னதையாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. ஆனாலும் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அவரும் அந்த வாரமே மருந்து அலமாரியைக் காலி செய்துவிட்டார். யாராவது வந்து கேட்டால் "டாக்டரப் பாருங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். எட்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் நாங்கள் கேஸ் தீர்ந்ததைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம், என் மகளின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசினோம். அவள் வெளியூரில் படிக்கப் போன பிறகு அந்தப் பேச்சும் பாதியாகக் குறைந்தது. சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை தேவலையாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"எத்தன நாளா?"

"எதும்மா?"

"எனக்கே காது குத்தாதீங்க மாமா. கடை கடையா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தீங்களே, எத்தன நாளா?"

செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். "கொஞ்ச நாளா ஏத்தத்துல நடந்தா இறுக்குது. நின்னா விட்டுடுது."

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். தெரியும் என்று அவ்வளவு அமைதியாகச் சொன்னதும், பஸ் வரட்டும் என்று காத்திருப்பதைப் போல இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

இதய டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண். பேச்சில் வளவளப்பு இல்லை. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை செலுத்தி, அதில் மருந்தைப் பாய்ச்சிப் படம் எடுப்போம் என்றார். மயக்க மருந்து கிடையாது, விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்றார். அடைப்பு இருந்தால் அதே வழியில் சின்ன பலூனை விட்டு விரித்து, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை அங்கே வைத்துவிடலாம் என்றார். மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு படத்துல கண்ணாலயே பாக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. நீங்களே பாக்கலாம்."

"அப்ப படம் மட்டும் எடுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

ஊசி என்றாலே நாலு கேள்வி கேட்கிறவர் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒத்துக்கொண்டாரே என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

படம் எடுக்கிற நாளில் அவரைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசை முழுக்க ஆடும். யாரோ எழுந்துபோகும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பக்கத்திலிருந்த பெரியவர், "கால் வலியாம்மா?" என்று கேட்டார். தொழில் புத்தி என்று அவருக்கு எப்படி விளக்குவது? ஆமாம் என்றேன். மகள் போன் செய்தாள். தாத்தாவுக்குச் சும்மா படம்தான் எடுக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே கதவு திறந்தது. டாக்டரே வெளியே வந்திருந்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை கனமான மேலங்கி, தலையில் தொப்பி.

"கம்பவுண்டர் ஐயா மருமகதானே? கொஞ்சம் உள்ள வாங்க."

அவர் பின்னால் போனேன். ஒரு சின்ன இருட்டறை. மேஜை நிறையத் திரைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு டெக்னீஷியன். எதிரே அகலமான கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் வெளிச்சத்தில் என் மாமனார் படுத்திருந்தார். கழுத்து வரை நீலத்துணி. வலது கையை மட்டும் பலகையில் நீட்டிக் கட்டியிருந்தார்கள். நெஞ்சுக்கு மேலே பெரிய எக்ஸ்ரே இயந்திரம் வளைந்து நின்றது. வீட்டில் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் அவருக்கு. அங்கே பத்து வயதுப் பையனைப் போல இருந்தார். தலைமாட்டில் முகக்கவசம் போட்ட நர்ஸ் ஒருத்தி நின்றாள்.

டாக்டர் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகளின் நிழல். அதன் நடுவே கறுப்பாக ஒரு கொடி இறங்கிக் கிளைவிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் சுருங்கி விரிந்தது. அது இவருடைய இதயம் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது முன்பக்கமா இறங்கற பெரிய ரத்தக்குழாய். இதயத்துல பெரும் பகுதி இத நம்பித்தான் இருக்கு. இந்த இடத்தப் பாருங்க."

நன்றாகத் தடித்து வந்த கறுப்பு அந்த இடத்தில் நூலாக இளைத்திருந்தது. அதற்குக் கீழே எல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"இப்பவே திறந்துடலாம், எல்லாம் தயாரா இருக்கு. ஆனா அவர் வேண்டாங்கறார். எங்க அடைச்சிருக்குன்னு காட்டச் சொன்னார், ஸ்கிரீனத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம், போதும் குழாய எடுத்துடுங்கன்னுட்டார். முழு நினைவோட இருக்கறவர் வேண்டாம்னு சொன்னா நான் கை வைக்க முடியாது. இப்படியே வீட்டுக்கு அனுப்பினா எந்த நேரமும் எது வேணா ஆகலாம். நீங்க பேசிப் பாருங்க."

டெக்னீஷியன் மைக்கை என் பக்கம் நகர்த்தி, அதன் அடியிலிருந்த பட்டனைக் காட்டினார். "அழுத்தினா நீங்க பேசறது அவருக்குக் கேக்கும். விட்டா அவர் பேசறது நமக்குக் கேக்கும்."

அழுத்தினேன். "மாமா, நாந்தான். என்ன, போதும்னு சொன்னீங்களாம்?"

விட்டேன். கூரையில் என்னைத் தேடுவது போல அவர் கண்கள் அலைந்தன. ஒலிபெருக்கியில் அவர் குரல் கிட்டத்தில் பேசுவது போல வந்தது.

"ஆமாம்மா. பாத்தாச்சு."

"என்னத்தப் பாத்தாச்சு?"

"அவனுக்கு என்ன ஆச்சுன்னு. அவனுக்கும் இங்கதான் அடைச்சிருக்கும். கை வழியா ஒரு கம்பி போனா சரியாப் போயிருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் ஏப்பம் வரும்னேன்." நிறுத்தினார். மூச்சு மட்டும் கேட்டது. "அவனுக்குக் கெடைக்காதது எனக்கு எதுக்கும்மா? இந்த வயசுல நான் இத வாங்கிக்கிட்டு எழுந்து வந்தா, அது ஞாயமா?"

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெக்னீஷியன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அந்நியர்களுக்கு நடுவில், ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வீட்டுக்குள் ஒரு நாளும் பேசாததைப் பேச வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பட்டனை அழுத்தினேன்.

"ஞாயம் பேசறீங்களா? எங்கிட்டயா? எட்டு வருஷமா உங்கமேல எனக்கு எவ்வளவு கோவம்னு தெரியுமா உங்களுக்கு? தெரியும். தெரியாம இருக்குமா. உங்களுக்கு டீ வைக்கும்போது கோவம். உங்க சட்டைய மடிச்சு வைக்கும்போது கோவம். இந்த மனுஷன் ஒரு வார்த்த வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் அவர இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேனேன்னு தினமும் நெனைக்கறேன். மனசு ஆறல மாமா. ஆறவே இல்ல. அந்தக் கோவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் காலையில எழுந்து வேலைக்குப் போறேன். நீங்க முன்னறையில உக்காந்திருக்கீங்க, அதனால கோவப்பட ஒரு ஆள் இருக்கு. இப்ப நீங்களும் போயிட்டா நான் யார்மேல கோவப்படறது? சொல்லுங்க. அந்த வீட்டுல வேற யார் இருக்கா எனக்கு?"

வலியே தெரிந்திருக்காது என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததைப் பற்றி மட்டும் நான் வாயெடுக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. கையைக் கட்டிப் போட்டுப் படுத்திருக்கிற மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மகன் வலியில்லாமல் போனான் என்பதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதல். அதையும் பிடுங்கிக்கொள்ள நான் யார்?

"மேடம்," டெக்னீஷியன் மெதுவாகச் சொன்னார், "பட்டன்ல இருந்து கைய எடுங்க. அவர் பேசிக்கிட்டே இருக்கார்."

நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமனாரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக அசைகின்றனவோ, தெரியவில்லை. பட்டனை அழுத்தியிருந்த என் விரல் நகம் வெளுத்துப் போயிருந்தது. வெடுக்கென்று எடுத்தேன்.

"...அதனால சரிம்மா. பண்ணச் சொல்லு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. முன்னால் சொன்னதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே போய்விட்டது. தலைமாட்டில் நின்ற நர்ஸ் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். அவள் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் என்னைத் தேடின. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்று கையைக் கொண்டுபோனேன். அதற்குள் டாக்டர் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றுவிட்டார். இனி டாக்டரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. டெக்னீஷியன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். திரையில் தலைமுடி அளவுக்கு ஒரு கம்பி இறங்கியது. இளைத்த இடத்துக்கு வந்ததும் தயங்கியது, பின்வாங்கியது, திரும்பியது, பிறகு வழுக்கிக்கொண்டு கீழே போனது. அதன் மேலேயே இன்னொரு சின்ன நிழல் ஊர்ந்து வந்து சரியாக அந்த இடத்தில் நின்றது.

"அதான் பலூன்," என்றார் டெக்னீஷியன். "ஊதும்போது அந்தக் குழாய்ல ரத்தம் சுத்தமா நின்னுடும். அதனால கொஞ்சம் வலிக்கும். பயப்படாதீங்க, உடனே இறக்கிடுவாங்க."

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. "ஐயா, இப்ப நெஞ்சு இறுக்கும். கொஞ்ச நேரம்தான். தாங்கிக்குங்க."

மூடியிருந்த மாமனாரின் கண்கள் திறந்தன. கூரையைப் பார்த்து விரிந்தன. இடது கை நீலத்துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவர் படுத்திருந்த மேஜையின் விளிம்பைப் பிடித்தது. அவர் கத்தவில்லை. ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. அதே பல் கடிப்பு. நெற்றியில் அதே நரம்பு. விளிம்பைப் பற்றியிருந்த விரல்களின் கணுக்களில் அதே வெளுப்பு. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். போதும், இறக்குங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சண்டை போட்டு அவரை இதற்கு ஒத்துக்கொள்ள வைத்தவளே நான்தான்.

"அவ்வளவுதான் ஐயா. இறக்கிட்டேன்."

நிழல் சுருங்கியது. அவருக்கு மூச்சு வந்தது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கூரையைப் பார்த்தே பேசினார்.

"நான் சொல்லிக்கிட்டிருந்தது தப்பும்மா. ரொம்ப வலிச்சிருக்கு."

டாக்டர் குனிந்து அவர் தோளைத் தட்டினார். "இனிமே வலிக்காது ஐயா. முடிஞ்சுது. ஸ்டென்ட் வைக்க வேண்டியதுதான் பாக்கி."

அந்த அறையில் இருந்தவர்களில் யாருக்கும் புரியவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்றைக்காவது அவர் வாயால் இதைச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று, அடுப்படியில் தனியாக நிற்கும்போது மனசுக்குள் எத்தனையோ தடவை அவரோடு வாதாடியிருக்கிறேன். இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்ததும், ஐயோ வேண்டாமே, பழையபடியே சொல்லிக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று என் உடம்பெல்லாம் பதறியது.

மறுபடியும் மருந்தைப் பாய்ச்சினார்கள். டாக்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்து, திரையைப் பாருங்கள் என்று மோவாயால் காட்டினார். டெக்னீஷியனும், "பாருங்க மேடம், எப்படி நெறையுதுன்னு பாருங்க" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை. மாமனாரின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் வழிந்து, படுத்திருந்ததால் கன்னத்துக்கு வராமல், நேராகக் காதுகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள ஒரு கை கட்டியிருந்தது; மற்றொன்றை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து இடது காதோரம் ஒற்றினாள். பிறகு குனிந்து வலது காதோரம் ஒற்றினாள். அதற்குள் இடது பக்கம் மறுபடி நனைந்திருந்தது.